"நம்ம ஆளுங்க யாராச்சும் யுத்தத்துக்குப் போனாங்களா, சேர்?"



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும் நேரத்தில் வாசியுங்கள்.

போன கிழமை தரம் 11 பிள்ளைகளுக்கு முதலாம் உலக மகா யுத்தம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 1918 நவம்பர் 11ஆம் திகதி முற்பகல் 11 மணிக்குப் போர் நின்றது என்று கரும்பலகையில் எழுதும்போது, பின்வரிசையில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் எழும்பினான். "நம்ம ஆளுங்க யாராச்சும் யுத்தத்துக்குப் போனாங்களா, சேர்?"

"நம்ம ஆளுங்க" என்று அவன் சொன்னது தமிழரையா, முஸ்லிம்களையா, இலங்கையரையா, இல்லை மடுல்சீமைக்காரரையா என்று எனக்கே விளங்கவில்லை. மணி அடித்துவிட்டது. "நாளைக்குச் சொல்றேன் மகன்" என்று சமாளித்தேன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பதுளை டவுனுக்குப் போனால் சென் மார்க் தேவாலயத்தைப் பார்க்காமல் வர முடியாது. அது மேஜர் தோமஸ் வில்லியம் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரியின் ஞாபகமாக எழுந்த கட்டிடம். பதுளையில் அரசாங்க நிர்வாகத்தைப் பார்த்தவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர் எடுத்தவர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். அவர் எந்தப் படைப்பிரிவு என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. அது சிலோன் ரைபிள் ரெஜிமென்ட். அதன் சாதாரண சிப்பாய்களில் பெரும்பாலானோர் மலாய்க்காரர்கள், நம் மலாய் சகோதரர்களின் மூதாதையர்.

ஒல்லாந்தர் ஜாவா பக்கமிருந்து கொண்டுவந்த அந்தச் சிப்பாய்களை, 1796இல் கரையோரத்தைப் பிடித்த ஆங்கிலேயர் தங்கள் படையில் சேர்த்துக்கொண்டார்கள். கோட்டையும் காவலும் இருந்த இடமெல்லாம் அவர்கள் குடும்பத்தோடு போனார்கள். கண்டி, பதுளை, குருநாகல், அம்பாந்தோட்டை என்று இன்று மலாய்க் குடும்பங்கள் இருக்கும் ஊர்களைப் பாருங்கள், அந்தக் காவல் நிலைகளின் வரைபடம் தெரியும். 1873இல் செலவு கூடிவிட்டது என்று ரெஜிமென்டைக் கலைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகத் துப்பாக்கி தூக்கியவர்கள் பொலிஸிலும் கோப்பித் தோட்டங்களிலும் வேலை தேடினார்கள். பேராசிரியர் பி. ஏ. ஹுஸைன்மியா இவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். ஆனால் மேஜருக்கு எழுந்தது போல அவருடைய சிப்பாய்களுக்கு ஒரு கட்டிடம் எழவில்லை.

அடுத்து தியத்தலாவை. இன்று இராணுவப் பயிற்சிக்குப் பெயர்போன இடம். 1900 ஆகஸ்டில் தென்னாபிரிக்காவிலிருந்து போயர் கைதிகளைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து அங்கே அடைத்தார்கள். மொத்தம் ஏறத்தாழ 5,000 பேர். நம் மலைக்குளிரிலும் காய்ச்சலிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கேயே இறந்தார்கள். அவர்களுக்கு அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள், ஆங்கிலேயரை எதிர்த்துச் சண்டை பிடித்த எதிரிகள் அவர்கள். அவர்களுக்குக் கூட ஞாபகக் கல் கிடைத்தது. அவர்களில் ஏங்கல்பிரெக்ட் என்பவர் ஆங்கிலேய முடிக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததால் ஊர் திரும்பவே முடியாமல் போய், பிறகு யால வனத்தின் முதல் காவலராக இந்த மண்ணிலேயே மரணித்தார்.

இனி முதலாம் யுத்தத்துக்கு வருவோம். நம் நாட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். யுத்தம் முடிந்த பிறகு, ஒவ்வொரு வருடமும் நவம்பர் 11இல் சிவப்பு பொப்பிப்பூ விற்றுப் பணம் சேர்த்தார்கள். இலங்கை மக்கள் கொடுத்த அந்தப் பணத்தில் பெரும்பங்கு போனது பிரித்தானியாவின் முன்னாள் படைவீரர்களுக்கு. இங்கே ஊர் திரும்பிய நம் படைவீரர்களுக்குக் கிடைத்தது சொற்பம்.

இதைப் பொறுக்காமல் 1931இல் ஏலியன் பெரேரா என்பவர் அதே நாளில் வேறொரு பூவை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல். நமக்குப் பூவரசம்பூ. சேரும் காசு இலங்கை முன்னாள் வீரர்களுக்கு என்பதுதான் அவருடைய எண்ணம். 1933இல் டொரீன் யங் என்ற ஆங்கிலேயப் பெண், பிற்காலத்தில் நாம் அறிந்த டொரீன் விக்கிரமசிங்க, இந்தப் பூக்களின் சண்டையைப் பற்றிப் பத்திரிகையில் எழுதினார். இளைஞர் சங்கங்கள் பூவைக் கையில் எடுத்தன. சூரிய மல் இயக்கம் ஏகாதிபத்திய எதிர்ப்பு இயக்கமாக மாறியது. 1934-35இல் மலேரியா ஊரையே அள்ளிக்கொண்டு போனபோது, அந்த இளைஞர்கள்தான் கேகாலைக் கிராமங்களில் மருந்தோடு வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். 1935 டிசம்பரில் அவர்களே லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள்.

நம் நாட்டு இடதுசாரி அரசியலின் வேரில், ஊர் திரும்பிய படைவீரனை யார் கவனிப்பது என்ற கேள்வி கிடக்கிறது. இதைச் சொன்னபோது வகுப்பு கொஞ்ச நேரம் சத்தமில்லாமல் இருந்தது.

இரண்டாம் யுத்தத்தில் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பிலும் 9ஆம் திகதி திருகோணமலையிலும் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கண்டியில் உள்ள யுத்த மயானத்துக்கு ஒருதடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். 203 கல்லறைகள். பிரித்தானியர், கிழக்காபிரிக்கர், இலங்கையர், இந்தியர், எதிரி நாட்டு இத்தாலியர்கள் மூவர் கூட அங்கே உறங்குகிறார்கள். அதிகாரிக்குப் பெரிய கல், சிப்பாய்க்குச் சின்னக் கல் என்ற பேதம் அங்கே இல்லை.

"அப்ப எங்க தோட்டத்துக்காரங்க, சேர்?" என்றான் அதே பிள்ளை.

துப்பாக்கி தூக்கியவர்கள் மட்டும் யுத்தம் நடத்தவில்லை மகன் என்றேன். 1942இல் மலாயா ஜப்பானியரிடம் விழுந்த பிறகு நேச நாடுகளுக்கு இயற்கை இறப்பரில் பெரும்பகுதி இலங்கையிலிருந்துதான் போனது. மரம் செத்தாலும் பரவாயில்லை என்று வெட்டிப் பால் எடுத்தார்கள். 1940 ஜூலையிலிருந்து பிரித்தானியாவில் ஆளுக்குக் கிழமைக்கு இரண்டு அவுன்ஸ் தேயிலை என்று பங்கீடு. அந்த இரண்டு அவுன்ஸில் நம் மலைகளில் பறித்த கொழுந்தும் இருந்தது. அரிசித் தட்டுப்பாட்டில் இங்கே லயங்களில் அரை வயிறோடு பறித்த கொழுந்து. யுத்தம் முடிந்து மூன்று வருடத்தில் அந்த மக்களுக்குக் கிடைத்த பரிசு, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். நாட்டில்லாதவர்கள் என்ற பெயர்.

பதில் இதுதான்: நம்ம ஆளுங்க போனாங்க. எல்லா "நம்ம ஆளுங்க"ளும் போனாங்க. பெயரை எழுதி வைக்கத்தான் ஆளில்லை.

பாடத்தை இதோடு முடித்திருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்துச் சிங்களக் கிராமத்தில் ஓர் அண்ணன் இருக்கிறார். நான் அவரை "அய்யே" என்பேன், அவர் என்னை "குரு மஹத்தயா" என்பார். வடக்கில் நடந்த யுத்தத்தில் இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். "மே மாதம் வந்தால் எல்லோருக்கும் என்னை ஞாபகம் வரும். ஜூன் மாதம் நான் பஸ்ஸில் நின்றுகொண்டு போவேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். அதே மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் தாய்மார் தங்கள் பிள்ளைகளுக்காக விளக்கேற்றுகிறார்கள். இரண்டு பக்கமும் போனவை ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான்.

அவரை வகுப்புக்கு அழைத்தேன். வெள்ளைச் சேர்ட் அணிந்து வந்தார். வீரக்கதை ஒன்றும் சொல்லவில்லை. பின்வரிசைப் பிள்ளைதான் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டான், இன்னும் வலிக்குமா என்று. "மழை வரும் நாளில் இல்லாத கால் வலிக்கும்" என்றார். மடுல்சீமையில் மழை இல்லாத நாள் எத்தனை என்று பிள்ளைகளுக்குத் தெரியும். அவர் போகும்போது நான் சொல்லாமலே எல்லோரும் எழும்பி நின்றார்கள். அந்தப் பிள்ளை அவர் கையைப் பிடித்துப் படி இறக்கிவிட்டான்.

ஒரு வேண்டுகோள் உறவுகளே. உங்கள் அப்பா, வாப்பா, பாட்டன், அப்பப்பா யாராவது படையில் இருந்திருந்தால், பழைய பதக்கமோ, விடுவிப்புக் கடிதமோ, ஒரு மங்கிய போட்டோவோ வீட்டில் இருந்தால், முதலில் அதன் பின்பக்கத்தில் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள். பிறகு இங்கே கொமண்டில் சொல்லுங்கள். எந்த இனம், எந்தப் படை என்று பார்க்க மாட்டேன். பிள்ளைகளைக் கொண்டு ஒரு கொப்பியில் எழுதுவிக்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ்.

பஸ்ஸில் கால் இல்லாத ஒருவர் ஏறினால் எழும்பி இடம் கொடுங்கள். நவம்பர் வரைக்கும், மே வரைக்கும் காத்திருக்க வேண்டாம்.