குடியுரிமைக் கேள்வி, தொகுதி எல்லை வழக்குகள் (ஐக்கிய அமெரிக்கா, 2019)

ஐக்கிய அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019 ஜூன் 27 அன்று தேர்தல் முறையின் அடிப்படையைத் தொடும் இரண்டு தீர்ப்புகளை வழங்கியது. ஒன்று, மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடியுரிமை பற்றிய கேள்வியைச் சேர்ப்பது தொடர்பான 'வணிகத் துறை எதிர் நியூயார்க்' வழக்கு ஆகும். மற்றொன்று, கட்சி நலனுக்காகத் தொகுதி எல்லைகளை வகுப்பது தொடர்பான 'ரூச்சோ எதிர் காமன் காஸ்' வழக்கு ஆகும். இரண்டிலும் முதன்மைத் தீர்ப்புரையைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார்.

பின்னணி

ஐக்கிய அமெரிக்காவில் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை மக்கள்தொகை கணக்கெடுக்கப்படுகிறது. பிரதிநிதிகள் அவையின் 435 இடங்கள் இக்கணக்கின்படி மாநிலங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. குடிமக்கள் மட்டுமன்றி, மாநிலத்தில் வாழும் அனைவரும் எண்ணப்படுகின்றனர். அதன்பின் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களைக் கொண்ட மாநிலங்கள் தொகுதி எல்லைகளைப் புதிதாக வகுக்கின்றன. பல மாநிலங்களில் இப்பணி சட்டமன்றத்திடம் உள்ளது. இதனால் பெரும்பான்மைக் கட்சி, எதிர்க்கட்சி ஆதரவாளர்களைச் சில தொகுதிகளில் குவித்தோ பல தொகுதிகளில் சிதறடித்தோ எல்லைகளைத் தனக்குச் சாதகமாக அமைக்க இயலும். இம்முறை ஜெரிமாண்டரிங் எனப்படுகிறது. 1812 இல் மாசச்சூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் கெரி ஒப்புதல் அளித்த பிரிப்பில், ஒரு தொகுதி சாலமாண்டர் என்னும் உயிரினத்தின் வடிவில் தோன்றியதால் இப்பெயர் ஏற்பட்டது.

குடியுரிமைக் கேள்வி

2020 கணக்கெடுப்பில் அனைவரிடமும் குடியுரிமை பற்றிக் கேட்கப்படும் என வணிகத் துறைச் செயலர் வில்பர் ராஸ் 2018 மார்ச்சில் அறிவித்தார். வாக்குரிமைச் சட்டத்தைச் செயற்படுத்த இத்தகவல் தேவை என்பது அவர் கூறிய காரணமாகும். குடியேறியோர் குடும்பங்கள் அச்சத்தால் பதிலளிக்காமல் விடுவர் என்றும், அவர்கள் மிகுதியாக வாழும் மாநிலங்கள் இடங்களையும் நிதியையும் இழக்கும் என்றும் எதிர்த் தரப்பு வாதிட்டது.

இக்கேள்வியைக் கேட்க அரசியலமைப்பு இடமளிக்கிறது என்று நீதிமன்றம் கூறியது. ஆயினும், அரசு கூறிய காரணம் உண்மையான காரணமாகத் தோன்றவில்லை என 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்து, விடயத்தைத் துறைக்கே திருப்பி அனுப்பியது. அதாவது, தடையாக அமைந்தது கேள்வி அன்று. அதற்குக் கூறப்பட்ட காரணமே ஆகும். 2020 கணக்கெடுப்பு இக்கேள்வி இன்றியே நடைபெற்றது.

தொகுதி எல்லைகள்

ரூச்சோ வழக்கில் இரு மாநிலங்களின் எல்லைகள் ஆராயப்பட்டன. வட கரோலினாவில் குடியரசுக் கட்சி 2016 தேர்தலில் ஏறத்தாழ 53 விழுக்காடு வாக்குகளுடன் 13 இடங்களில் 10 ஐ வென்றிருந்தது. மேரிலாந்தில் மக்களாட்சிக் கட்சி வகுத்த எல்லைகளின்படி அக்கட்சி 8 இடங்களில் 7 ஐப் பெற்றிருந்தது.

இத்தகைய பிரிப்பு நியாயமற்றதாகத் தோன்றலாம் என்பதை நீதிமன்றம் மறுக்கவில்லை. ஆனால் எந்த அளவு மிகையானது என அளக்கத் தகுந்த சட்ட அளவுகோல் இல்லை என்றும், இது கூட்டாட்சி நீதிமன்றங்கள் தீர்க்க இயலாத அரசியல் வினா என்றும் 5-4 என்ற கணக்கில் முடிவு செய்தது. கீழ் நீதிமன்றங்கள் அத்தகைய அளவுகோல்களை ஏற்கெனவே பயன்படுத்தியுள்ளன என நீதிபதி எலெனா கேகன் மாறுபட்ட தீர்ப்புரையில் வாதிட்டார்.

விளைவுகள்

இனத்தின் அடிப்படையிலான எல்லைப் பிரிப்பு, தொகுதிகளின் மக்கள்தொகைச் சமமின்மை ஆகியன குறித்துக் கூட்டாட்சி நீதிமன்றங்களை நாடும் வழியை ரூச்சோ தீர்ப்பு மூடவில்லை. கட்சிச் சார்பான பிரிப்பை எதிர்ப்போர் மாநில நீதிமன்றங்களை நாடலாயினர். வட கரோலினா உச்ச நீதிமன்றம் 2022 இல் இத்தகைய பிரிப்பைச் செல்லாதென அறிவித்தது. தேர்தலுக்குப் பின் நீதிபதிகள் மாறிய நிலையில், அதே நீதிமன்றம் 2023 இல் அம்முடிவைக் கைவிட்டது.