இறக்குமதியும் வேலையிழப்பும்: நோக்கியா ஆலை மூடலும் அரசு நிவாரணத்தின் எல்லையும்

இறக்குமதியால் வேலையிழக்கும் தொழிலாளர்க்கெனத் தனி உதவித் திட்டம் ஒன்றை அமெரிக்கா 1962ஆம் ஆண்டு வணிக விரிவாக்கச் சட்டத்தில் சேர்த்தது. இந்தியாவில் அதற்கு இணையான சட்டம் இல்லை. 1986ஆம் ஆண்டின் பஞ்சாலைத் தொழிலாளர் மறுவாழ்வு நிதித் திட்டம்கூட மூடப்பட்ட ஆலைகளின் தொழிலாளர்க்கு முதலாண்டில் ஊதியத்தில் 75, அடுத்து 50, பின்னர் 25 விழுக்காடு வழங்கியதே தவிர, ஆலை மூடப்பட்டதற்கான காரணத்தைக் கருதவில்லை.

இதன் விளைவு உத்திரமேரூர் முதலிய ஊரக வட்டங்களைக் கொண்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில் 2014இல் வெளிப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் இயங்கிய நோக்கியா கைப்பேசி ஆலையில் பெண்களே மிகுதியாகப் பணிபுரிந்தனர். வரி வழக்கினால் அது மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் கைக்கு மாறவில்லை. 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. மூடலின் உடனடிக் காரணம் இறக்குமதி அன்று. எனினும் கைப்பேசி உற்பத்தி சீனாவிலும் வியட்நாமிலும் தொடர்ந்தது.

தொழிலாளருள் பெரும்பாலோர் மூடலுக்கு முன்பே விருப்ப ஓய்வு பெற்றிருந்தனர். 2005இல் தொடங்கிய ராஜீவ் காந்தி தொழிலாளர் நலத் திட்டத்தின்கீழ் ஈ.எஸ்.ஐ. கழகம் வழங்கிய வேலையின்மைப் படி, ஆட்குறைப்பாலும் ஆலை மூடலாலும் வேலையிழந்தோர்க்கு உரியது. விருப்ப ஓய்வு பெற்றோர்க்கு இல்லை. மூடவிருக்கும் ஆலையில் ‘விருப்பம்’ எத்தகையது என்பதை விதி வினவவில்லை.

இறக்குமதியின் தாக்கத்தை அரசு அறியாமல் இல்லை. கைப்பேசிகள் மீது 2017 ஜூலையில் 10 விழுக்காடாக விதிக்கப்பட்ட சுங்க வரி, 2018 பிப்ரவரியில் 20 விழுக்காடாயிற்று. அக்காப்பு பின்னர் வந்த ஆலைகளுக்கே பயன்பட்டது.