முந்நீரும் காப்பியும்

விருந்து நாட்களில் காப்பியோடு மதுவும் இனிப்பும் கலந்து பருகுவதை மேலைநாட்டு நாகரிகம் என்பர். சூடான காப்பியில் விஸ்கியும் சர்க்கரையும் சேர்த்து, மேலே பாலேட்டை மிதக்கவிடும் 'ஐரிஷ் காப்பி' 1940களில் அயர்லாந்தின் ஃபொய்ன்ஸ் வானூர்தித் துறையில் பிறந்தது. ஆனால், பல சாறுகளை ஒன்றாக்கி மகிழ்ந்து பருகும் வழக்கத்திற்குச் சங்கப் பாடலிலேயே சான்றுண்டு. அச்சான்று நம் புதுக்கோட்டை மண்ணைச் சார்ந்தது என்பது பலரும் அறியாத செய்தி.

புறநானூற்றின் 24ஆம் பாடல், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை மாங்குடி கிழார் பாடியது. அவன் வென்றுகொண்ட ஊர்களுள் ஒன்று வேள் எவ்வியின் மிழலை. இன்றைய ஆவுடையார்கோயில் வட்டாரத்தைச் சார்ந்ததே மிழலைக் கூற்றம் என்பர் அறிஞர். அக்கடற்கரைப் பெண்கள் பனை நுங்கின் நீர், கரும்பின் சாறு, தென்னையின் இளநீர் ஆகிய மூன்றையும் கலந்து உண்டு, பின் கடலில் பாய்ந்து ஆடுகின்றனர். மூன்று நீரின் கலவைக்கும் கடலுக்கும் 'முந்நீர்' என்ற ஒரே சொல்லைப் புலவர் ஆள்வது சுவைக்கத்தக்கது.

அதே பாடலில் பரதவர் வெம்மையான மட்டினை உண்டு குரவை ஆடுகின்றனர். அரசனுக்கோ பொற்கலத்தில் குளிர்ந்த தேறல் ஏந்தப்படுகிறது. கலமும் பானமும் வேறு வேறு. எனினும் தத்தம் நிலத்தில் விளைந்ததை அவரவர் பருகினர். உழைப்பவரின் மகிழ்ச்சியும் பாட்டில் இடம்பெற்றது.

காப்பியின் கதை அவ்வாறன்று. 1830களில் இலங்கை மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் பெருகின. புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலிருந்தும், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் பஞ்சத்தாலும் கடனாலும் உந்தப்பட்டோர் அங்குச் சென்றனர். தொண்டி, அம்மாபட்டினம் முதலிய துறைகளில் தோணி ஏறி மன்னாரில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளை வரை நடந்தனர். வாந்திபேதிக்கும் பசிக்கும் வழியிலேயே இரையானோர் பலர். இவற்றுள் அம்மாபட்டினம் இன்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. முந்நீர் உண்டு விளையாடிய கரையை அடுத்தே இப்பயணமும் தொடங்கியது! 1869இல் காப்பிச் செடிகளைத் தாக்கத் தொடங்கிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது.

பழம் பறித்த கைகளுக்குக் காப்பி எட்டுமுன்பே, நகரத்து நடுத்தர வர்க்கத்தார் அதனைத் தம் பெருமையின் அடையாளமாக்கிக் கொண்டனர். காலை நீராகாரம் பின்தங்கியது. காப்பிக் கிளப்புகளிலோ சாதி பார்த்து இருக்கை ஒதுக்கினர். இம்மாற்றத்தை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூல் விரிவாகப் பேசுகிறது.

இன்று நம் திருமண வீடுகளில் வருவோரை முதலில் வரவேற்பது காப்பியே. கோடைத் திருவிழாவின் தண்ணீர்ப் பந்தலில் வெல்லமும் எலுமிச்சையும் சுக்கும் கலந்த பானகமும் தொடர்கிறது. கருப்பட்டிக் காப்பியிலோ மிழலைப் பெண்கள் அறிந்த பனையும், மலைநாட்டில் நம்மவர் பறித்த கொட்டையும் ஒரே குவளையில் கலக்கின்றன. முந்நீர் உண்டோரைப் பாட ஒரு மாங்குடி கிழார் இருந்தார். அம்மாபட்டினத்தில் தோணி ஏறியோரின் பெயர்களையேனும் தேடித் தொகுப்பது நம் தலைமுறையின் கடமையன்றோ?