பண் குறிப்பும் கோப்புக் குறியும்

எழுபது பாடல்களைக் கொண்டிருந்த பரிபாடலுள் இன்று கிடைப்பன 22 பாடல்களும் சில பகுதிகளுமே. 1918-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த இந்நூலில் பெரும்பாலான பாடல்களின் இறுதியில் பாடியவர், இசை வகுத்தவர், பண் ஆகிய மூன்றும் குறிக்கப்பெற்றுள்ளன. மூன்றாம் பாடலைப் பாடியவர் கடுவன் இளவெயினனார்; இசை வகுத்தவர் பெட்டனாகனார்; பண் பாலையாழ். இக்குறிப்பை அருகே வைத்துக்கொண்டு, கணினியின் இசையியக்கி ஒரு பாடற்கோப்பை எவ்வாறு இனங்காண்கிறது என்பதையும், அம்முறை அந்தமான் பாடல்களின் ஒலிப்பதிவுகளுக்கு எவ்வளவு போதுமானது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

1987-இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி என்பார் அமிகா கணினிக்கென ‘அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்’ என்னும் இசையமைப்பு மென்பொருளை உருவாக்கினார். அதன் வழிவந்த பாடற்கோப்புகள் ‘மாட்’ எனப்படும். அமிகா வழக்கில் வகைப்பெயர் கோப்பின் பெயருக்கு முன்னே நின்றது. பிற கணினிகளில் பின்னே நிற்கிறது. ஆதலின் பழைய கோப்புகளை இயக்கும் மென்பொருள்கள் பெயரை நம்பாது கோப்பின் உள்ளே நோக்குகின்றன. முதல் 20 பைட்டு பாடலின் பெயர். அடுத்து 31 ஒலிமாதிரிகளின் விவரம், ஒவ்வொன்றும் 30 பைட்டு. பின்னர்ப் பாடற்பகுதிகளின் வரிசை. இவற்றைக் கடந்து 1080 பைட்டுகளுக்குப் பின் நான்கெழுத்துக் குறி ஒன்று உளது: எம், புள்ளி, கே, புள்ளி. இதனைக் கண்டதும் இயக்கி கோப்பைத் திறக்கிறது.

ஆனால் தொடக்ககாலக் கோப்புகளில் ஒலிமாதிரிகள் 15 மட்டுமே, குறியும் இல்லை. அங்கு இயக்கி செய்வது ஏறத்தாழப் பதிப்பாசிரியரின் வேலையே எனலாம். ஒலியளவு 64-ஐ மிஞ்சுகிறதா? பகுதிகளின் எண்ணிக்கை 128-க்குள் அடங்குகிறதா? ஒலிமாதிரிகளின் நீளத்தைக் கூட்டினால் கோப்பின் அளவோடு பொருந்துகிறதா? இவ்வகச்சான்றுகள் ஒத்துவரின் அது பாடலென ஏற்கப்படும். பரிபாடலின் முதற்பாடலுக்கும் இசைக்குறிப்பு கிடைக்கவில்லை. இரண்டு முதல் பன்னிரண்டு வரையுள்ளவை பாலையாழ், பதின்மூன்று முதல் பதினேழு வரை நோதிறம், பதினெட்டு முதல் இருபத்தொன்று வரை காந்தாரம் என நூல் பண்முறையில் அடைவுபெற்றிருத்தலின், முதற்பாடலும் பாலையாழாகலாம் என இடங்கொண்டு உய்த்துணரலாம். இரண்டும் ஒரே வகை ஊகமே.

ஊகம் பிழைத்தால் இயக்கி வாளாவிருப்பதில்லை. 15 மாதிரிக் கோப்பை 31 எனக் கொண்டால், 600-ஆம் பைட்டில் தொடங்கும் இசைத்தரவை 1084-இல் தேடி, ஏதோ ஓர் இரைச்சலைப் பாடலெனவே ஒலிக்கும். ஓர் எழுத்துருவில் தட்டச்சிட்ட கட்டுரையை வேறோர் எழுத்துருவில் திறந்து திகைத்த தமிழாசிரியர்க்கு இது புதிதன்று.

இனி அந்தமான். பெரிய அந்தமானியர் மொழிகளுள் ஒன்றான போ மொழியைப் பேசிய இறுதியானவர் போவா சீனியர். அவர் 2010 சனவரி 26-இல் மறைந்தார். 2005 முதல் அம்மக்களின் மொழிகளை ஆவணப்படுத்திய மொழியியலறிஞர் அன்விதா அபி அவர் குரலைப் பதிவு செய்துள்ளார். மாட் கோப்புக்கு நேர்ந்த இடர்ப்பாடு இத்தகைய குரற்பதிவுகளுக்கு நேராது. ‘வேவ்’ வகைக் கோப்பின் தொடக்கத்திலேயே ‘ரிஃப்’ என்னும் நான்கெழுத்தும், நான்கு பைட்டு கடந்து ‘வேவ்’ என்னும் நான்கெழுத்தும் நிற்றலின் எவ்வியக்கியும் ஐயமின்றித் திறக்கும். திறந்தபின் கேட்பது எம்மொழி, அதனைப் பாடியவர் யாரிடம் கற்றார், எச்சூழலில் பாடப்பெற்றது என்பவற்றை அக்குறிகள் சொல்லா. பரிபாடலின் நிலை இதற்கு மறுதலை: பண்ணின் பெயர் உளது, பெட்டனாகனார் வகுத்த இசை இல்லை.

அபி 2021-இல் வெளியிட்ட தொகுப்பு 10 கதைகளையும் 46 பாடல்களையும் தருகிறது. நூலும் ஒலியும் பிரிந்துபோகும் காலத்தில் விளக்கம் நூலோடு நின்றுவிடும். ஏடு பெயர்த்தெழுதியோர் குறிப்பைப் பாடலின் அடியிலேயே எழுதியமையால்தான் பெட்டனாகனார் பெயர் நமக்கு வந்தது. ஒலிக்கோப்பிலும் இதற்கு இடமுண்டு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 1997-இல் வகுத்த ஒலிபரப்பு ‘வேவ்’ வடிவில் விளக்கத்துக்கென 256 எழுத்துக்கான இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவை அஸ்கி எழுத்துகளாதல் வேண்டும் என்பது விதி. போ மொழியின் ஒலிகளை ஒலிப்பியல் குறியீட்டிலோ, பாடலின் விளக்கத்தைத் தமிழிலோ அங்கே எழுதவியலாது.