மேல்நிலைப் பள்ளியில் புவியியல் - ஒரு சிறு வரலாறு

பிளஸ் டூவில் என்ன குரூப் என்று கேட்டால் ஃபர்ஸ்ட் குரூப், பயாலஜி, காமர்ஸ் என்று பதில் வரும். புவியியல் என்று சொல்பவர் அரிது. பல மேல்நிலைப் பள்ளிகளில் அந்தப் பாடமே கிடையாது. ஆனால் தமிழ்நாட்டில் அதற்கு ஒரு பெரிய வரலாறு உண்டு.

1794-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கியது. இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரியின் தொடக்கம் அதுதான். 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சுமார் 12 கி.மீ. நீள அடிக்கோட்டை அளக்க ஆரம்பித்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களாக அளந்த மாபெரும் பணி அங்கிருந்தே புறப்பட்டது. கம்பெனியின் தேவை வேறு. வரி வாங்கவும் படை நடத்தவும் அதற்கு வரைபடம் வேண்டும்.

பள்ளிகளுக்கு வந்தபோது இந்த அறிவு மனப்பாடமாகச் சுருங்கியது. ஆறுகளின் பெயர், தலைநகரங்களின் பெயர், அவ்வளவுதான். இந்த நிலையை மாற்ற விரும்பியவர்கள் 1926-ல் சென்னைப் புவியியல் சங்கத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் நடத்திய இதழே பின்னாளில் 'இந்தியப் புவியியல் இதழ்' ஆனது.

அடுத்த திருப்பம் கோத்தாரி குழு (1964-66). அது பரிந்துரைத்த 10+2 முறை தமிழ்நாட்டில் 1978-ல் நடைமுறைக்கு வந்தது. கல்லூரிகளில் இருந்த பி.யு.சி. போய் பள்ளிகளில் மேல்நிலை வகுப்புகள் வந்தன. பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலில் எல்லோரும் படிக்கும் புவியியல், அதற்குப் பிறகு விரும்பினால் எடுக்கும் பாடமானது. பொறியியல், மருத்துவ மோகம் வளர வளர விரும்புவோர் குறைந்தார்கள்.

இத்தனைக்கும் இது வெறும் ஏட்டுப் பாடம் அல்ல. செய்முறைத் தேர்வு உண்டு. 2018-க்குப் பின் வந்த புதிய பாடத்திட்டத்தில் தொலையுணர்வு, புவித் தகவல் அமைப்பு, பேரிடர் மேலாண்மை எல்லாம் இருக்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள பொம்மையார்பாளையத்தைப் பாருங்கள். ஊருக்கு மேற்கே மழைநீர் அறுத்த செம்மண் பள்ளங்கள். வடக்கே போனால் கழுவெளி ஈரநிலமும் (2024-ல் ராம்சார் தளமானது) மரக்காணம் உப்பளங்களும். கிழக்கே அரிக்கப்படும் கடற்கரை. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பாலான மாதங்கள் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டபோது அந்த மணல் வழியில் தடைப்பட்டது. புதுச்சேரி கடற்கரை கரைந்தது. அங்கே கல் கொட்டியதும் அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என மீனவர் வீடுகளை எட்டியது. பாடப்புத்தகத்தில் 'கரையோர மணல் நகர்வு' என்று இரண்டு மார்க் கேள்வியாக இருப்பது இங்கே வீடு இருக்குமா போகுமா என்ற கேள்வி.

2004 டிசம்பர் 26 காலை சுமத்ரா அருகே நிலநடுக்கம். அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் யாருக்கும் எச்சரிக்கை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். இந்தியாவின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-ல்தான் ஹைதராபாத்தில் வந்தது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் தீவில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது ஆங்கிலேயச் சிறுமி கடல் நுரைத்துப் பொங்குவதைக் கவனித்தாள். இரண்டு வாரம் முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். பெற்றோரிடம் சொன்னாள். கரையில் இருந்த சுமார் நூறு பேர் தப்பினார்கள். ஒரு வகுப்பின் மதிப்பு என்ன என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேடிக்கை என்னவென்றால், பிளஸ் ஒன்னில் மார்க் வராது என்று ஒதுக்கிய இதே பாடத்தை டி.என்.பி.எஸ்.சி., ஐ.ஏ.எஸ். தேர்வுக்காகப் பலர் பணம் கட்டிப் படிக்கிறார்கள். அதை 16 வயதில், சொந்த ஊரின் கடலையும் மண்ணையும் காட்டி, பள்ளியிலேயே கற்றுத் தரலாம். குறைந்தபட்சம் கடலோரப் பள்ளிகளிலாவது இந்தப் பாடப்பிரிவு இருக்க வேண்டும். அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் அது முதலில் தேவைப்படும்.