சொற்றெரிவும் சமூகநிலையும்: சாய்ந்தமருதுப் பேச்சுவழக்கில் ஆங்கிலம்

ஆங்கிலம் கற்போருக்கென எழுதப்படும் கைந்நூல்கள், அன்றாடச் சந்தர்ப்பம் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் இயல்பான சொல் எது, மரியாதைச் சொல் எது என வகைப்படுத்திக் காட்டுவன. சொற்றெரிவு தனிமனிதரின் பயிற்சியையும் இரசனையையும் மட்டுமே பொறுத்தது என்னும் எடுகோள் அவற்றின் அடியில் உண்டு. மொழியைச் சமூக உறவுகளோடு இணைத்து நோக்கும் நாம் இதனை அவ்வாறே ஏற்பதற்கில்லை. கல்முனைக்குத் தெற்கே அமைந்த சாய்ந்தமருதின் வழக்கு இதனை ஆராய ஏற்ற களமாகும்.

நெல்வயலும் கடலும் இவ்வூரின் பொருளாதார அடித்தளம். போடியார், வயற்காரர், கரைவலை இழுப்போர் ஆகியோரிடையேயான உற்பத்தி உறவுகளைக் குறிப்பவை தமிழ்ச் சொற்களே. சமய வாழ்வுக்கு அரபு சொல் வழங்கியது. ஐரோப்பியச் சொற்களோ முதலில் புழங்குபொருள்களோடு வந்தன. 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பிற் கோட்டை கட்டினர்; 1638இல் அது ஒல்லாந்தர் வசமாயிற்று. கதிரை, மேசை, அலுமாரி, சப்பாத்து, குசினி, துவாய், பாண் என்பன போர்த்துக்கேய மூலத்தன. கந்தோர், லாச்சி என்பன ஒல்லாந்த மூலத்தன. தலைமுறைகளின் நாவிற் பழகி இவை தமிழின் ஓசையையே பெற்றுவிட்டன. இவற்றை அந்நியச் சொற்களென இன்று எவரும் உணர்வதில்லை.

ஆங்கிலம் வந்த வழி வேறு. 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிஷன் கல்விப்பணியைத் தொடங்கியது. மதமாற்ற அச்சத்தால் முஸ்லிம்களுட் பெரும்பாலோர் மிஷன் பாடசாலைகளை விட்டு நெடுங்காலம் ஒதுங்கியிருந்தனர். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கிய சித்திலெப்பை நவீன கல்வியை வலியுறுத்தினார். ஆயினும் கிழக்குக் கரையின் உழவர்களையும் மீனவர்களையும் அக்கல்வி எட்டக் காலம் சென்றது. எனவே, இம்மக்கள் ஆங்கிலத்தை முதலில் எதிர்கொண்டது வீட்டிலன்று; கச்சேரியிலும் நீதிமன்றத்திலுமாகும். காணிக்கும் தண்ணீருக்கும் பிறரைக்கொண்டு 'பெட்டிசம்' எழுதுவித்த உழவருக்கு அது வேண்டுகோளின் மொழி, கீழ்ப்படிவின் மொழி. நட்புக்கும் கேலிக்குமுரிய ஆங்கிலச் சொல் அவ்வழியில் வந்திருக்க இயலாது.

'சேர்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. இங்கிலாந்தில் அது பாடசாலை, படை, கடை போன்ற சில இடங்களுக்கே உரியது. சாய்ந்தமருதில் ஆசிரியரைச் சந்தையிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் 'சேர்' என்றே விளிப்பர். அவர் இல்லாதவிடத்தும் 'சேர் சொன்னார்' என்பர். உறவினருக்கு மட்டும் அவர் காக்காவாகவோ மாமாவாகவோ இருப்பார். சொல் அன்றாடத்ததாகிவிட்டது, அது சுமந்துவந்த தரவேறுபாடோ அகலவில்லை. கைந்நூலின் வகைப்பாடு இங்கே பயன்படாமற்போவது இதனாலேயே.

1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வியும், அதனைத் தொடர்ந்து விரிவடைந்த தாய்மொழிக் கல்வியும் உழவர், மீனவர் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவைத் திறந்தன. 1956இன் தனிச்சிங்களச் சட்டம் ஆங்கிலத்தின் அரசகரும நிலையை அகற்றியது. தமிழ் பேசும் மக்களுக்கு அது மற்றொரு தடையாயிற்று. எனினும் வணிகத்திலும் உயர்தொழில்களிலும் ஆங்கிலத்தின் ஆதிக்கம் நீடித்தது. பல்கலைக்கழகச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தை 'கடுவ', அதாவது வாள், என்றழைத்தமை தற்செயலானதன்று.

1977இன் திறந்த பொருளாதாரத்தின் பின்னர் ஆங்கிலத்தின் சந்தை மதிப்பு மேலும் உயர்ந்தது. இன்று கந்தோர்–ஒபீஸ், குசினி–கிச்சன், சப்பாத்து–ஷூ, துவாய்–டவல் எனச் சொற்கள் இணையிணையாக நிற்கின்றன. இவ்விணைகளில் இரண்டும் பிறமொழி மூலத்தனவே. ஆகவே தூய்மைவாதம் இவ்வேறுபாட்டை விளக்காது. முன்னது உழைக்கும் மக்களின் நாவிற் பழகியமையால் 'நாட்டுப்புறமாக'க் கருதப்படுகின்றது; பின்னது சம்பள உத்தியோகத்தின் அடையாளமாகின்றது. 'குசினி' என்றமைக்காக ஒரு மாணவி வகுப்பில் நாணநேரின், அவள் நாணுவது சொல்லுக்காகவன்று. தன் வீட்டின் சமூகநிலைக்காகவேயாகும்.

இவ்வோட்டத்திற்கு எதிர்த்திசையிலும் ஒரு சொல் சென்றுள்ளது. இலங்கையர் தமக்குள் ஆங்கிலத்தில் உரையாடும்போது நண்பனை விளிக்கும் சொல் 'மச்சான்'. சிங்களத்திலும் அது வழங்குகின்றது. அதிகாரத்தின் மொழியாக வந்த ஆங்கிலம், நெருக்கத்தைக் குறிக்க இம்மண்ணின் உறவுமுறைச் சொல்லொன்றை நாடவேண்டியதாயிற்று. சாய்ந்தமருது இளைஞனிடம் அச்சொல் ஏற்கெனவே உண்டு.

ஆங்கிலம் கற்பது இன்றைய தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எச்சொல் பொருத்தமானது எனக் கற்பிக்கும் ஆசிரியர், யாருடைய பேச்சு அப்பொருத்தத்தின் அளவுகோலாக்கப்பட்டது என்பதையும் உடன்கற்பித்தல் வேண்டும். அன்றேல் மொழிப்பாடம் சொல்லோடு தாழ்வுணர்ச்சியையும் சேர்த்தே புகட்டுவதாய் முடியும்.