கார் ஷெட்டில் பிறந்த சங்கம்

ஒரே யந்திரத்தை வாங்கிய நாலு பேர் சந்தித்தால் என்ன பேசுவார்கள்? முதலில் விற்றவனைத் திட்டுவார்கள், பிறகு, "உங்களிடமாவது ஒழுங்காக வேலை செய்கிறதா?" என்று கேட்டுக்கொள்வார்கள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதுகிறவர்களின் சங்கங்கள் இப்படித்தான் தோன்றின. 1955-ல் ஐ.பி.எம். 704 என்ற பெரிய யந்திரத்துக்கு வாடிக்கைக்காரர்களான அமெரிக்க ஸ்தாபனங்கள் கூடி, 'ஷேர்' என்று ஒரு சங்கம் அமைத்தன. ஒரே கணக்குக்கு ஆளாளுக்குத் தனியாகப் புரோகிராம் எழுதி மாள்வானேன், ஒருவர் எழுதியதை மற்றவர் எடுத்துக்கொள்ளலாமே என்பது அவர்கள் எண்ணம். புரோகிராமுக்கென்று தனி விலை இல்லாத காலம் அது. அதனால் சண்டையும் இல்லை.

சண்டை வந்த கதைதான் எனக்குப் பிடித்தது.

1975 மார்ச் 5-ஆம் தேதி, கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவருடைய கார் ஷெட்டில் 32 பேர் கூடினார்கள். யுத்த எதிர்ப்பாளரான ஃபிரெட் மூரும் அவரும் சேர்ந்து கூட்டிய கூட்டம். 'ஆல்டேர் 8800' என்ற சிறிய கம்ப்யூட்டர் அப்போதுதான் உதிரிப் பாகங்களாக விற்பனைக்கு வந்திருந்தது. வாங்கியவரே பூட்டிக்கொள்ள வேண்டும். தட்டச்சுப் பலகை கிடையாது, திரை கிடையாது, முன்பக்கத்தில் ஸ்விட்சுகளும் சிறு விளக்குகளுந்தான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அடுத்த மாதம் ஸ்டீவ் டோம்பியர் என்ற அங்கத்தினர் அதற்குப் பதில் சொன்னார். யந்திரத்தின் பக்கத்தில் ஒரு ரேடியோவை வைத்துவிட்டு, ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் புரோகிராமை ஏற்றினார். யாரோ மின்சாரக் கம்பியில் இடறிவிட, ஏற்றியதெல்லாம் போயிற்று. மனுஷர் சளைக்காமல் முதலிலிருந்து தட்டினார். யந்திரத்தின் மின் இரைச்சல் ரேடியோவில் பீட்டில்ஸ் கோஷ்டியின் பாட்டாக ஒலித்தது! எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்களாம்.

சங்கம் பெருத்தது, ஸ்டான்ஃபோர்டிலுள்ள பௌதிக ஆராய்ச்சி நிலையத்து மண்டபத்துக்குக் குடிபெயர்ந்தது. 'ஹோம்ப்ரூ கம்ப்யூட்டர் கிளப்' என்பது பெயர். யாருக்கு எது தேவை, யாரிடம் எது இருக்கிறது என்று எழுந்து சொல்லலாம். பிறகு அவரவரும் தமக்கு வேண்டியவரைத் தேடிப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்டீவ் வாஸ்னியாக் தாம் அமைத்த கம்ப்யூட்டரின் வரைபடத்தையே பிரதியெடுத்து இனாமாக வழங்கினார். ஆப்பிள் கம்பெனியின் முதல் சரக்கு அதுதான்.

ஆனால் பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய 'பேசிக்' விலைக்கு உரியது. அது பதிந்த காகித நாடா ஒன்று கையில் சிக்கியதும், அங்கத்தினர்கள் பிரதி எடுத்துப் பங்கிட்டுக்கொண்டார்கள். 1976 பிப்ரவரி 3-ஆம் தேதியிட்டு கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் வைத்திருப்பவர்களில் பத்தில் ஒருவர்கூட 'பேசிக்'கை வாங்கவில்லை, உழைத்த நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் மணிக்கு 2 டாலர்கூடத் தேறவில்லை என்று முறையிட்டார். உங்களில் பெரும்பாலோர் திருடுகிறீர்கள் என்றும் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு வயது 20.

எனக்கு அந்தக் கடிதத்தில் பாதி நன்றாகவே புரிகிறது. ஒரு பிரதி வாங்கித் தெருவே படித்துவிட்டு, "ஸார், நாவல் பிரமாதம்!" என்று சொல்லும் ரசிகர்களை நம்பி வாழ்கிறவன் நான். மற்றப் பாதிதான் ஜீரணமாகவில்லை. வெறும் ஸ்விட்சுப் பெட்டியாக இருந்ததைப் பாட வைத்து, நாலு பேர் விரும்பும்படி செய்ததே கூலி வாங்காத அந்தக் கூட்டந்தானே?

அதே சங்கத்து டாம் பிட்மன் ஒரு சின்னஞ்சிறு 'பேசிக்' எழுதி 5 டாலர் விலை வைத்தார். பிரதி எடுக்கும் சிரமத்தைவிட அது மலிவு. ஜனங்கள் பணம் அனுப்பி வாங்கினார்கள்.

1986 டிசம்பரில் சங்கம் கடைசி முறையாகக் கூடிற்று. அதற்குள் யந்திரத்தையும் புரோகிராமையும் கடைகளில் அட்டைப் பெட்டியில் போட்டு விற்கத் தொடங்கியிருந்தார்கள்.